ஊர் கூடித் தந்த தங்கச்சி

கிண்ணியாவில் எங்கள் வீட்டில் கோப்பி ஊற்றினால் எனக்குக் கோபம் வரும். சீனி போதாமல்தான் முகம் சுருங்குகிறது என்று மனைவி இன்னொரு கரண்டி போடுவாள். நானும் காரணம் சொல்வதில்லை. இந்த வயிறு அப்படி வளர்ந்ததுதான்.

கோபம் சுமாத்திராவின் வடக்கு மலையில் தொடங்கியது. மேகத்துக்குப் பக்கத்தில் அங்கே பெரிய ஏரி ஒன்று. அதைச் சுற்றிக் கோப்பித் தோட்டமும் நெல்வயலுமாக இருக்கிற சனத்துக்குக் கயோக்காரர் என்று பெயர். எழுபதுகளில் திருகோணமலைக்கு வந்த சரக்குக் கப்பலொன்றில் இயந்திர அறை வேலைக்கு ஏறினேன். கூடவே உப்புவெளிக்காரன் ஒருவனும் ஏறினான். பெலவான் துறைமுகத்தில் கப்பல் பழுதாகிக் கிடந்தபோது, கோப்பி வியாபாரி ஒருவரின் லொறியை மலைக்கு ஓட்டிப் போகும் வேலை கிடைத்தது. ஓட்டினோம். ஏரிக்கரை ஊரொன்றின் நடுவில் லொறி பழுதாகி நின்றது. உதிரிப்பாகம் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

அந்தக் குளிரை நான் ஜென்மத்தில் கண்டதில்லை. இருந்த சட்டைகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, பஞ்சு அடைத்த தலகணி மாதிரித் திரிந்தேன். ஊரின் கோப்பி மில்லைத் திருத்திக் கொடுத்ததில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சோறு, புளிப்பும் உறைப்புமாய் ஏரி மீன் ஆணம். மீன் விரல் நீளம்தான். அந்த ஊரார் அதைப் பற்றிக் கதைக்கும்போது குரல் தாழ்ந்துவிடும், அவ்வளவு மதிப்பு.

"இதை எங்கட கரையில பூனைக்குப் போட்டா, பூனை வழக்கு வைக்கும் மச்சான்," என்றான் உப்புவெளிக்காரன். சொல்லிக்கொண்டே மூன்றாம் தரமும் சோறு போட்டான்.

மில் முற்றத்தில் பாய் விரித்து, காய்ந்த கோப்பிக் கொட்டையில் சொத்தை பொறுக்குகிறவள் ஒருத்தி. மில்காரரின் மகள். நாங்கள் கதைத்தது மலாயில். என் நினைவில் அது கிண்ணியாப் பேச்சாகத்தான் கிடக்கிறது.

"நீ கதைக்கிற மலாய் துருப்பிடிச்சிக் கிடக்கு," என்றாள் முதல் நாள்.

"கப்பல்ல படிச்சது. உப்புக் காத்து."

"அப்ப எண்ணெய் போட்டுக் கதை."

அதோடு நான் முடிந்தேன். கோப்பி காய்வதற்குள் அவளும் முடிந்தாள். நான் துணிந்து கேட்டேன்: "எங்கட ஊருலயும் மாப்பிள்ளைதான் பொம்புள ஊட்டுக்குப் போய் இரிக்கிற. நான் உங்கட ஊட்டுக்கே வாறன்."

"இங்கயும் அப்பிடி உண்டு. ஆனா ஒரு குலமும் இல்லாத ஆளை ஆரும் மாப்பிள்ளையா எடுக்க மாட்டாங்க. முதல்ல நீ இந்த மலையில ஆருக்காவது மகனாகணும். பொறு, நான் பாக்கிறன்."

அவள் பார்த்தாள். ஊர்த்தலைவர் அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் ஆட்களை இருத்தி வைத்துப் பேச்செடுத்தார். இந்தப் பிள்ளை நமக்கு மில் ஓட்டித் தருகிறான், அநாதை மாதிரி விடக் கூடாது, யார் மகனாக எடுக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு பேர் எழும்பினார்கள். ஒருவர் அவளுடைய வாப்பா. மற்றவர் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கம்பு ஊன்றி வந்த கிழவர். வாயில் பல் இல்லை, நிறுத்தாத இருமல். அவர் ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்று யோசிக்கிற மூளையை அல்லாஹ் எனக்கு வைக்கவில்லை.

"உன்ர விருப்பத்தைச் சொல்லு," என்றார் தலைவர்.

உப்புவெளிக்காரன் என் காதில் குனிந்தான். "வாசலுக்குள்ளயே போய் இருந்து தூண்டில் போடு மச்சான். ஆருக்கு இப்பிடி வாய்க்கும்?"

பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு கோப்பிக் கொட்டை பறந்து வந்து என் செவிட்டில் விழுந்தது. திரும்பினேன். அவள் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. அவளுடைய வாப்பாவைக் கைகாட்டினேன்.

மனுசன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆடு அறுத்தார்கள். இலைக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்து என் தலையில் தெளித்தார்கள். நான் புதுமாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் பல்லைக் கழற்றி எறியத் தோன்றும்.

மறுநாள் காலை தண்ணீர்ப் பீலியடியில் அவளைக் கண்டேன். குடத்தை வைத்தாள். முகம் கறுத்திருந்தது.

"காக்கா," என்றாள், கூடப் பிறந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

"என்ன புதுசா காக்கா?"

"எங்கட வாப்பாட மகன் எனக்கு வேற ஆரு? இந்த ஊருக்குள்ள பொறந்தவங்க எல்லாரும் ஒரு குலம். ஒரு குலத்துக்குள்ள கலியாணம் இல்ல. அங்கால ஊரு வேற குலம். மடையா, இதுகூடத் தெரியாமலா இவ்வளவு நாளும் எங்கட சோத்தைத் திண்டாய்?"

எனக்கு வந்த கோபத்தில் நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். ஓதிக்கொடுக்கிற பெரியவரைப் பிடித்தேன். "வளர்ப்பு மகன் சொந்த மகன் இல்ல எண்டுதானே மார்க்கம் சொல்லுது? இதில தடை எங்க இரிக்கி?"

"தடை இல்ல," என்றார் அவர்.

"அப்ப முடிச்சி வைங்க!"

"மார்க்கத்தில இல்ல. ஊருல இரிக்கி." தாடியைத் தடவிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

தலைவரிடம் போனேன். வராந்தாவில் நின்று கத்தினேன். அது என்ன சட்டம், யார் போட்டது, தெளித்த தண்ணீர் நேற்றே காய்ந்துவிட்டது, இந்த மகன் வேலையை இப்போதே விடுகிறேன் என்றெல்லாம் கத்தினேன். அவசரத்தில் பாதி தமிழில். அவர் முழுவதையும் கேட்டார். கோபப்பட்டாரா? இல்லை. கோப்பி ஊற்றித் தந்தார்.

"ஊருக்குள்ள முடிச்சா ரெண்டு பேரையும் விரட்டுவம். அவள்ர பேரை அவங்கட ஊட்டிலகூட ஆரும் சொல்லப் போறதில்ல. அதுதான் வழமை. நீ கத்து மகன். புள்ளைக்கு உரிமை இரிக்கி."

அடிப்பதற்கு ஒரு கெட்ட மனிதன் கிடைத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த ஊரில் ஒருவரும் கிடைக்கவில்லை. எல்லாரும் என்னைப் பிள்ளை என்று தடவினார்கள். தடவத் தடவ எனக்கு எரிந்தது. கோப்பியையும் குடித்துத் தொலைத்தேன். நல்ல கோப்பி.

அவளிடம் கடைசியாகக் கேட்டேன், ஓடிப்போகலாம் என்று. பாயில் கொட்டை பொறுக்கக் குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "உன்னை விரட்டினா உனக்குக் கிண்ணியா இரிக்கி. என்னை விரட்டினா, உம்மா செத்தா மையித்தைப் பாக்கவும் நான் இந்தப் படலை தாண்ட ஏலாது. போ காக்கா, மில்லுல சத்தம் மாறுது."

உண்மையாகவே மாறித்தான் இருந்தது. சக்கரத்து வார் நழுவியிருந்தது.

அறுவடை முடிய அவளை இன்னொரு ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கயோக்காரரிடம் ஒரு வழமை உண்டு. வீட்டை விட்டுப் போகிற பெண், உறவுக்காரரை ஒவ்வொருவராகப் பிடித்து, ராகம் வைத்து அழுவாள். வாயில் வருகிற சொல்லைக் கோத்துத்தான் அழுவாள். அழுகை நன்றாக இருந்தால் ஊர் பல நாள் பேசும். வாப்பாவிடம் அழுதாள், உம்மாவிடம் அழுதாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்தாள். என்னைக் காக்கா வரிசையில் இருத்தி வைத்திருந்தார்கள்.

"தூரத்தில இருந்து வந்த காக்கா, உனக்கு ரெண்டு கதவு திறந்து கிடந்தது. ஓடைக்கு அங்கால இருந்த கதவை ஆரு திறந்தது எண்டு நீ கேக்கல்ல. ஓடையைத் தாண்டிப் போன காலு ஆர்ர காலு எண்டு கேக்கல்ல. எறிஞ்சி காட்டினன், நீ சிரிச்சாய். எங்கட கதவாலதான் வந்தாய். வந்தவன் இனி எங்கட உம்மாக்குத் தண்ணி அள்ளிக் குடு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிழவரை அனுப்பியது அவள். கிழவருக்கு மகனாகியிருந்தால் நான் வேறு குலம். அந்தக் கொட்டை, அங்கே போ என்று எறிந்த கொட்டை.

அதை ஊர் வேறு மாதிரிக் கேட்டது. பெண்கள் விம்மினார்கள். "பிறத்தியானுக்கு இப்பிடி ஒரு அழுகையா!" என்று தலைவர் கண்ணைத் துடைத்து என் முதுகில் தட்டினார். தூணோரம் இருந்த கிழவர் மட்டும் இருமிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த முழு மலையிலும் எனக்காகக் கோபப்பட்ட ஒரே மனுசன் அவர்தான்.

ஒரு மாதம் தண்ணீர் அள்ளினேன். அதற்குப் பிறகு வந்தது அந்த உதிரிப்பாகம்.

மலை இறங்கும்போது முதல் வளைவிலேயே உப்புவெளிக்காரன் என் பக்கம் திரும்பினான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"மச்சான், அண்டைக்கு அந்தக் கொட்டை..."

"வாயைப் பொத்து."

பெலவான் வரைக்கும் பொத்திக்கொண்டுதான் வந்தான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.