இத்தாவில் இருந்தவருக்கு இட்ட வரவு

காதர் சேர் மௌத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது நான் கல்முனையில் ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து இறந்த வீட்டுக்குப் போனார்கள். நான் பாடத்தை முடித்துவிட்டுத்தான் போனேன். அவரை அறிந்த உங்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்குத் தொலைக்கல்வி தொடங்கிய காலத்தில் நாங்கள் இருவரும் போதனாசிரியர்கள். பட்டம் பெற்றவன் நான். தலைமைப் பொறுப்பு அவருக்குப் போனது. அது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பாட நூல்களை வீட்டில் வைத்து அவரவர் வேகத்தில் படித்து, ஒப்படைகளை எழுதித் தபாலில் அனுப்பினால் போதும் என்றார் அவர். வாரந்தோறும் நேரடி வகுப்பும் கட்டாய வரவும் வேண்டும் என்றேன் நான். கூட்டமொன்றில் அவர் என்னிடம் சொன்னார்:

“உங்கட குரல் நல்லந்தான் மாஸ்டர், ஓம். ஆனா பொத்துவில்ல இருந்து வாற புள்ளைகள் பஸ்ஸில நித்திர கொண்டு, வகுப்பிலயும் வந்து நித்திர கொள்ளுதுகளே!”

கூட்டம் சிரித்தது. ஆனாலும் மேலதிகாரிகள் என் பக்கம் நின்றார்கள். வரவு குறைந்தால் பெயர் நீக்கம் என்று விதி வந்தது.

அந்த வருடமே சாய்ந்தமருது சபியா ரீச்சரின் கணவர் கடலில் மௌத்தானார். கணவனை இழந்த ரீச்சர் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியேற முடியாது. காதர் சேர் ஞாயிறுதோறும் ரீச்சர் வீட்டுக்குப் போனார். ரீச்சரின் வாப்பா பக்கத்தில் இருக்க, திரைக்கு வெளியே அமர்ந்து பாடத்தை வாசித்தார். உள்ளிருந்து விடை வந்தது. வகுப்பு இடாப்பில் ரீச்சர் வந்ததாக வரவு போட்டார்.

அது பொய் வரவு என்று நான் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதினேன். பெயர் போடவில்லை.

விசாரணையில் அவர் எதையும் மறைக்கவில்லை. “நான் படிப்பிச்சன், அவ படிச்சா. வரவு எண்டா வேறென்ன?” என்று கேட்டாராம். பொறுப்பு பறிபோனது. சபியா ரீச்சரின் பெயரும் நீக்கப்பட்டது. அவர் இன்றும் பயிற்சி பெறாத ஆசிரியர்தான்.

சில நாளில் காதர் சேர் என் வீட்டுக்கு வந்தார்.

“பெட்டிசத்த எனக்கும் காட்டினாங்க மாஸ்டர். ஒரு எழுத்துப் பிழை இல்ல. ஒரு கால்புள்ளி கூட மாறல்ல. நம்மட பகுதியில அப்படி எழுதுற ஆள் நீங்க ஒராள்தான்.”

அவர் பையிலிருந்து இரண்டு பாட நூல்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“சபியாவுக்கு இன்னும் இந்த ரெண்டும் மிச்சம். நான் போனா அதுக்கும் பெட்டிசம் வரும். நீங்க போய் நடத்துங்க. பேரத் திருப்பிச் சேக்கச் சொல்லிக் கேக்கலாம். நீங்க கேட்டா குடுப்பாங்க.”

ஓம் என்று தலையாட்டினேன்.

போகவில்லை. கேட்கவுமில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பவை அந்த இரண்டு நூல்கள்தான். என்னை நம்பி அவர் தந்தவை.