குட்டைமுடிக்காரிக்கு விழாத ஓட்டு

கொரியா தேசத்தின் சிறந்த பாடகி யார் என்று எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தபோது, என்னைப் பெற்ற அம்மா எனக்கு எதிராக ஓட்டுப் போட்டாள். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. சோமனூரில், தறிக்குடோனுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில், கொரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத தொண்ணூறுகளில் இது நடந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாகப் பணம் போட்டு, பனியனில் பூ வேலை செய்யும் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றைக் கொரியாவிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு இன்ஜினியரும் கூடவே வந்தார். ஓட்டல் சாப்பாட்டுக் காரம் அவருக்கு ஆகாது என்று பெரியம்மா மாடி அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டாள். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றி அம்மாவும் பெரியம்மாவும் மாற்றி மாற்றிப் பரிமாறியதில், அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் ‘போதுங்க’. அடுத்தது ‘நல்லாருக்குங்க’. இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஊர் முழுக்க நல்ல பேர் எடுத்துவிட்டார்.

அவரிடம் நான்கு கேசட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் தனியாகப் பாடியிருந்தாள். அவர் ஊரில் வருடக் கடைசியில் இப்படித் தனியாகப் பாடும் பெண்களை வரிசைப்படுத்தி, முதல் இடத்துக்கு டீவியில் பரிசு கொடுப்பார்களாம். இந்த வருடம் அதைப் பார்க்க ஊரில் இருக்க முடியாது என்பதுதான் அவருக்குப் பெரிய குறை. விரல்களை மடக்கியும் நீட்டியும் அவர் சொன்னது பாதி, அப்பாவின் இங்கிலீஷ் சொன்னது மீதி. மெஷின் வேலை முடிந்து மாலையில் குளித்துவிட்டு வந்தால், கேசட்டுகளைத் தரையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்கிவைத்துவிட்டு, எங்கள் வரிசை என்ன என்று கேட்பார்.

எங்கள் என்றால் நானும் பெரியப்பா மகளும். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவளாக இருந்தாலும். அவளுக்கு இடுப்பைத் தொடும் முடி. எனக்கு எலிவால். அவள் போட்டுச் சலித்த பாவாடைகள்தான் என்னிடம் வரும். வகுப்பில் அவள் படித்த புத்தகமும், அவள் மீசை வரைந்துவைத்த படங்களோடு என்னிடம் வரும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எண்ணெய்க் குளியல் நாளில் அவள் தலை என் அம்மாவின் மடியில் கிடக்கும். என் தலையைப் பெரியம்மா தேய்த்துவிடுவாள். திருவிழாவுக்கு வளையல் எடுத்தாலும் அம்மா அவளுக்குத்தான் முதலில் போட்டுப் பார்ப்பாள். அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். எனக்கோ என் அம்மாவை அவள் பங்கு போட்டுக்கொண்டது போல இருக்கும்.

ஆகவே பாடகிகள் விஷயத்திலும் போட்டி என்று ஆகிவிட்டது. பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அட்டையில் இருந்த படத்தை வைத்துத்தான் கூப்பிட்டோம். அக்கா முந்திக்கொண்டு வெள்ளைச்சட்டைக்காரியைத் தனக்கென்று எடுத்துவிட்டாள். கடற்கரையில் நின்று தேன் சொட்டப் பாடுகிறவள். எனக்கும் அவளைத்தான் பிடித்திருந்தது. அக்கா சொன்ன பிறகு அதையே நான் சொன்னால் மானக்கேடு என்று குட்டைமுடிக்காரியை எடுத்தேன். ஆம்பளை மாதிரி கிராப்பு வெட்டிய பெண். கொஞ்சம் தொண்டை கட்டிய குரல், யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்து பாடுவது போல இருக்கும். கேட்கக் கேட்க, அவளுக்கும் அக்கா ஒருத்தி இருப்பாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு கொரியாவில் அவளை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

மெஷின் ஓடத் தொடங்கியதும், தான் கிளம்பும்போது ஒரே ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போவதாக இன்ஜினியர் சொன்னார். வீட்டுப் பெரியவர்கள் ஓட்டுப் போட்டு யாரை முதல் இடத்தில் வைக்கிறார்களோ, அந்தக் கேசட் அவளுக்காக வாதாடிய பிள்ளைக்கு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடமிருந்து வராத பொருள் என்று என் வாழ்க்கையில் ஒன்று கிடைக்கப் போகிறது. அம்மா பாத்திரம் விளக்கும்போது குட்டைமுடிக்காரியைப் போட்டுக் காட்டினேன். அதையே இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதன் பிறகு அம்மாவின் ஓட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பெரியம்மாவின் பேச்சுதான் பயமாக இருந்தது. யார் எப்படி என்று இன்ஜினியர் கேட்டபோதெல்லாம் அவள், “நாலு பேருமே நல்லாத்தானுங்க பாடறாங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தறி ஓடும் நாளில் எங்கள் வீட்டில் பேசுவதே காதில் விழாது என்பதால், ஓட்டெடுப்பை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்தார்கள். கூடத்தில் டேப்ரெக்கார்டரை நடுவில் வைத்து ஆளுக்கொரு பாட்டு போட்டார் இன்ஜினியர். நாங்கள் எடுக்காத மற்ற இரண்டு கேசட்டுகளையும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு குட்டைமுடிக்காரியைக் காட்டினார். அப்பா வெள்ளைச்சட்டைக்காரியைக் காட்டினார். அப்பாவுக்குப் பாட்டு கேட்கத் தெரியாது என்பது எனக்கு முன்பே தெரியும். பிறகு பெரியம்மா.

“எனக்கென்னமோ அந்தக் கிராப்புத் தலைப் புள்ள பாடறதுதானுங்க மனசுல நிக்குது.”

நான் எழுந்து நின்றேவிட்டேன். இரண்டுக்கு ஒன்று. மிச்சம் இருந்தது அம்மா மட்டும். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மாவை ஒரு தடவை பார்த்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“வெள்ளைச் சட்டப் புள்ளதானுங்க நல்லாப் பாடுது.”

இரண்டுக்கு இரண்டு. இன்ஜினியர் விரல்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சங்கடப்பட்டார். கடைசியில் இரண்டு கையாலும் கேசட்டை எடுத்து, குனிந்து, அக்காவிடம் கொடுத்தார். மூத்ததற்குத்தான் முதலில் என்பது கொரியாவிலும் சட்டம் போலிருக்கிறது.

நான் அழுதேன் என்று சொன்னால் அது போதாது. பெரியம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முறுக்கைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். அவள் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்துக்கொண்டே தின்றேன். அம்மாவும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்றுதான். அவள் அக்காவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தப்பான வயிற்றில் பிறந்துவிட்டேன், எனக்கு உண்மையான அம்மா பெரியம்மாதான் என்று அன்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அம்மா தண்ணீர்த் தொட்டியில் துணி அலசும்போது போய் நின்றேன். என் பாடகி நன்றாகப் பாடவில்லையா என்று கேட்டேன்.

“உன்னுதுதான் கண்ணு நல்லாருந்துச்சு” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“அப்புறம் ஏன் அவளுக்குப் போட்டீங்க?”

“பெரியம்மா உன்னுதைச் சொல்லிட்டாங்கல்ல. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?”

இப்படி ஒரு காரணம் உலகத்தில் உண்டா என்று எனக்குக் கோபம் கூடியதுதான் மிச்சம். பெரியம்மா சொன்னால் அம்மாவும் சேர்ந்து சொல்ல வேண்டியதுதானே? அதற்குப் பெயர்தானே ஜெயிப்பது?

அன்று மத்தியானம் அக்கா கேசட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் முகம் ஜெயித்தவள் முகமாக இல்லை.

“இந்தா, இதை நீயே வெச்சுக்க. எங்கம்மா உனக்குத்தான போட்டாங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது.

கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். வெள்ளைச்சட்டைக்காரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கேசட்டை அவள் கையிலேயே திருப்பித் திணித்தேன். என்னிடம் இருக்கும் எதைப் பார்த்தும் அவளுக்குப் பொறாமை வர முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்ஜினியர் மூன்று கேசட்டுகளோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த மெஷினால் அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே பேச்சு குறைந்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்னும் நாலு தறி போடலாம் என்றவர் பெரியப்பா, மெஷின்தான் வேண்டும் என்று நின்றவர் அப்பா. அவர் சொல்வதை இவரிடமும் இவர் சொல்வதை அவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது அம்மாவும் பெரியம்மாவும்தான். அதனால்தான் அந்த வீட்டில் யாரும் தன் பிள்ளையைத் தூக்கிப் பேசவில்லை. ஓட்டெடுப்பிலும் நால்வரில் ஒருவர்கூடத் தன் பிள்ளைக்குப் போடவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் அப்படியே ஓட்டினார்கள். பிறகு பங்கு பிரிந்தது. தறிகள் பெரியப்பாவுக்கு, மெஷின் அப்பாவுக்கு. நாங்கள் துடியலூருக்கு வந்துவிட்டோம். போகும்போது அக்கா வாசலுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

புது வீட்டில் அடுப்புப் பற்றவைத்த அன்று அம்மா பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டாள். கல்லிலிருந்து எடுத்த முதல் ஒப்புட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, யாரையோ கூப்பிடப் போகிறவள் போல வாயைத் திறந்தாள். பிறகு நெய்யைத் தடவி என் முன்னால் வைத்தாள். “சாப்பிடு கண்ணு. எல்லாம் உனக்குத்தான்” என்றாள். இரண்டாவதும் எனக்கே வந்தது, மூன்றாவதும் எனக்கே வந்தது. அன்று முதல் வளையலோ எண்ணெய்க் குளியலோ எதுவானாலும் எனக்குத்தான் முதலில். என் அம்மாவை மீட்டுவிட்டேன், கடைசியில் நான்தான் ஜெயித்தேன் என்று கையெல்லாம் நெய் வழியத் தின்றேன். அம்மா ஒரு வாய்கூடத் தின்னவில்லை. வரிசையில் நான் ஒருத்திதான் நிற்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.