ராமாபுரத்தின் ‘ம்’

மாதேஸ்வரி அக்காவின் குரலைத் திருடினார்கள். திருடியதை இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்.

அக்கா இன்று காலையில் இறந்துவிட்டார். மகள் போன் செய்தாள். ஹார்ட் அட்டாக். தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கிற சொந்த ஊர் ராமாபுரத்துக்குக் கொண்டு போகிறார்கள்.

உங்களில் பலர் அக்காவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் கேட்டிருப்பீர்கள். மைசூரு பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எந்த பிளாட்பாரம் என்று நாள் முழுக்க மைக்கில் சொன்ன குரல்... அது அக்காதான்.

நான் பக்கத்து விசாரணை கவுன்டர். இரண்டு பேருமே கான்ட்ராக்ட். இரண்டு பேருக்கும் ஒரே ஃபேன்.

அக்காவின் கன்னடம் அவ்வளவு சுத்தம். ஆனால் "நரசீபுரா, கொள்ளேகாலா, ஹனூரு..." என்று வரிசையாகச் சொல்லி வந்து, கடைசியில் "ராமாபுரம்" என்றுவிடுவார். கன்னடத்தில் அந்த ஊருக்கு ‘ம்’ கிடையாது.

சூப்பர்வைசர் கதவைத் தட்டி, ‘ம்’ எதற்கு என்று கன்னடத்தில் கேட்பார். "ராமாபுரா அன்னி மேடம். ‘ம்’ யாக்கே?"

"ஆய்த்து சார்" என்று ஒத்துக்கொள்வார் அக்கா. அடுத்த பஸ்ஸும் ராமாபுரம்தான்.

"வேணும்னே பண்றீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல கண்ணு. வாய மூடுனாத்தான் எங்க ஊரு முடியுது. நான் என்ன பண்ண?"

கட்டிட வேலைக்கு வந்த எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த ‘ம்’ கேட்டதும் மூட்டையைத் தூக்குவார்கள். ஒரு பெரியவர் கவுன்டருக்கே வந்து விசாரித்தார்: "உள்ள பேசறது நம்ம புள்ள யாருங்க?"

பிறகு ஒருநாள் கான்ட்ராக்டரின் ஆள் லேப்டாப்போடு வந்தான். சவுண்ட் டெஸ்ட் என்றான். எல்லா ஊர்ப் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னான். அக்கா அன்று புதுப் புடவையில் வந்திருந்தார். குரலுக்கு எதுக்குக்கா புடவை என்று கிண்டல் செய்தேன்.

அடுத்த மாதம் அக்காவுக்கு வேலை இல்லை.

"உங்க வாய்ஸ்தான் இருக்கே மேடம். நீங்க எதுக்கு?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அக்கா ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். "இங்க நான் ரசம் வெச்சுட்டு இருக்கேன். அங்கயும் நான்தான் வேலை பாத்துட்டு இருக்கேன். சம்பளம் மட்டும் ஒருத்திக்குத்தான்" என்பார்.

சில வருஷங்களில் கம்ப்யூட்டர் குரல் வந்தது. அக்காவின் ரெக்கார்டிங் மியூசியத்துக்குப் போனது. இந்த ஊரில் ஓடிய டாங்கா குதிரை வண்டி, டவுன் பஸ், பழைய டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தனியார் டிரஸ்ட் நடத்துகிற மியூசியம். போன தசராவுக்கு அக்காவை அங்கே நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்டியரிங், விசில், டிக்கெட் பஞ்ச்... ஒவ்வொன்றின் கீழும் கொடுத்தவர் பெயர். ஒரு ரப்பர் ஹாரனுக்குக்கூட.

கடைசியில் ஒரு சிவப்பு பட்டன். மேலே பலகை: ‘பழைய மைசூரின் குரல். அறிவிப்பாளர் பெயர் தெரியவில்லை.’

அக்கா அமுக்கினார். அவர் குரல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை அமுக்கப் போனார்.

கைடாக இருந்த காலேஜ் பெண் தடுத்தாள். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானாம்.

"அது நானேதாம்மா" என்றார் அக்கா.

"ஹௌதா? சூப்பர் ஆன்ட்டி." அப்படியா என்றதோடு சரி; அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டாள்.

நான் சண்டை போட்டேன். பின்னால் இருந்த ஆர்க்கைவ் ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஏசி. பொறுப்பாளர் கையுறை போட்டுக்கொண்டு, கிழிந்துபோன பஸ் டிக்கெட்டைக் குழந்தை மாதிரி தூக்கிக் காட்டினார். அக்காவுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை.

பெயர் போடச் சொன்னதற்கு, கமிட்டியில் வைக்கிறோம் என்றார். ஆடியோவை நன்றாக கிளீன் பண்ணியிருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

எதை கிளீன் பண்ணினார்கள் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அக்கா சொன்னார்.

"கவனிச்சியா கண்ணு? ராமாபுரான்னு நிக்குது. ‘ம்’ம வெட்டிப் போட்டாங்க. என்ற வாயத் தொறந்தபடியே உட்டுட்டாங்க."

அதற்கப்புறம் எப்போது பார்த்தாலும் ஒரே கேள்வி. "பேரு போட்டாங்களா கண்ணு?"

நான் நேரில் போனேன். மெயில் போட்டேன். கமிட்டி இன்னும் கூடவில்லையாம். அவர்கள் பேஜில் கமென்ட் போட்டேன். அதற்கு ஒரு லைக் வந்தது.

போன வாரமும் அக்கா கேட்டார்...

இதை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிழையில்லாமல் "ராமாபுரா" என்கிறது. மூட்டையோடு வந்த ஒரு அம்மா அதைக் கேட்ட பிறகும் என்னிடம் வந்து, "இது ராமாபுரம் போகுங்களா?" என்றார்.

"போகுமுங்க. நானும் அங்கதான்."

அக்கா, வந்துகொண்டே இருக்கிறேன். போய் வாங்க.

மியூசியம்காரர்களே, உங்களை இதில் டேக் செய்திருக்கிறேன். காலையிலேயே மெசேஜும் அனுப்பினேன். பார்த்துவிட்டீர்கள். பெயர் மாதேஸ்வரி. ஊர் ராமாபுரம். பலகையில் எழுதுங்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்டுங்கள்.

ஒரு ‘ம்’மாவது சொல்லுங்கள்.