கத்தாமல் பெறப் பழகியவள்

சலவைக்கூடத்தில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் இடம் அது. எந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு ஊசி கேட்பதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவளுக்கு அந்தச் சிரமம் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அவள் ஒரு சத்தம் போட்டால், அந்தக் கோடியில் சூடான உருளைக்குள் ஈரத் துணியை விட்டுக்கொண்டிருப்பவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். அப்படித் தப்பிய விரல்கள் அங்கே உண்டு.

அந்தக் குரலைத்தான் இந்தக் குளிர்காலத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தாள்.

முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, யார்மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் பிரசவ அறையில் ஒரு நர்ஸ், "இப்படிக் கத்தினா பிள்ளைக்கு எப்படிம்மா காத்து போகும்?" என்று அதட்டியிருந்தாள். டாக்டரின் சொல் காதோடு நின்றது. நர்ஸின் சொல் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. நாத்தனாரும் தன் பங்குக்கு, "வாயைக் கட்டத் தெரியாதவ வயித்தை எப்படிக் காப்பாத்துவா?" என்று ஒருநாள் சொல்லிவைத்தாள். பிறகு அவளே வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டு என்ன, சொன்னது சொன்னதுதான்.

மறுபடி உண்டானதும், மருந்துக் கடை மாடியில் நடந்த ஹிப்னோபர்த்திங் என்ற பிரசவப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். பயம் வந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயமும் கூடும். மனதை ஆழத் தளர்த்தி மூச்சை நிதானமாக இழுத்து விட்டால் அந்தச் சுற்றை அறுக்கலாம் என்றாள் டீச்சர். ஜன்னலில் பனி படிந்திருக்க, மூலையில் ஹீட்டர் டிக் டிக்கென்று சூடேற, பிள்ளைத்தாய்ச்சிகள் போர்வைக்குள் கண்மூடிப் படுத்திருப்பார்கள். டீச்சர் பொய் சொல்லவில்லை. ஏதாவது சரியில்லை என்று பட்டால் உடனே வாய் திறந்து சொல்லுங்கள் என்றும் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னாள். ஆனால் மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டுமே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவள் வாங்கிவந்தது ஒன்றே: கத்தாதே.

புருஷன் குழாய் ரிப்பேர் செய்பவன். பனி கொட்டும் அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் வீடுதோறும் குழாய் உறைந்து வெடிக்கும். அவனுக்கு உட்கார நேரமிருக்காது. இருந்தாலும் சாயங்காலம் வந்து, கை சூடாகும் முன்பே டீச்சர் கொடுத்த தாளை எடுத்து வாசிப்பான்.

"உன் தோள்கள் தளர்கின்றன... உன் தாடை தளர்கிறது..."

"என்னங்க, வாடகை பாக்கி கேக்கிற மாதிரி படிக்கிறீங்க."

"நான் பதினைஞ்சு வருஷமா இறுக்குற வேலை பாக்கிறவன். தளர்த்துன்னா எனக்கு எங்கடி வரும்?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு உரக்க வந்ததும் அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பும் நின்றுவிட்டது.

கூடத்திலும் அவள் கத்துவதில்லை. வேண்டுமென்றால் நடந்து போய்த் தோளைத் தொடுவாள். "வெண்கலம் பஞ்சாயிடுச்சுடி" என்றார்கள். வீட்டிலோ எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கா" என்றாள் நாத்தனார். அமைதியானவர்களை எல்லோரும் மெச்சுகிறார்கள். அதில் பாதி, நமக்குத் தொந்தரவு மிச்சம் என்கிற நிம்மதி.

பனி விடாமல் கொட்டிய ஒரு காலையில் வலி எடுத்தது. வகுப்பில் அதற்கு அலை என்று பெயர். வேன் கதவின் பூட்டு உறைந்துகிடந்தது. புருஷன் வெந்நீர் ஊற்றித் திறந்தான். நாத்தனார் கம்பளியும் பையுமாகப் பின்னால் ஏறினாள். முன்சீட்டில் அவள் வழி நெடுகக் கண்ணை மூடி, மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டே வந்தாள். ஓர் அலை வரும், உச்சிக்கு ஏறும், இறங்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அந்த முகமே அவளுக்கு எமனானது. ஆஸ்பத்திரியில் அன்று கூட்டம். பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒருத்தி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்க்க வந்த நர்ஸின் காது அங்கேயே இருந்தது.

"பத்துல எத்தனைம்மா வலி?"

பெரிய எண்ணைச் சொன்னால் பயம் உள்ளே வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. "நாலு" என்றாள். பிறகு, "பிள்ளை காலைல இருந்து அதிகமா அசையல சிஸ்டர்" என்றாள், தாலாட்டுகிற குரலில்.

"பிள்ளை தூங்குதும்மா. அதுக்கும் குளிருது போல." நர்ஸ் சிரித்தாள். "இது நிஜ வலி மாதிரி தெரியல. நிஜ வலின்னா இப்படியா உக்காந்திருப்பீங்க? பெட்டும் இல்ல. வெளிய பெஞ்சுல இருங்க, அப்புறம் பாக்கலாம்."

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று கணுக்காலில் அறைந்தது. நாத்தனார் எதிரே இருந்தவளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்: "என் தம்பி பொண்டாட்டி. வலி எடுத்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? ஒரு முக்கல் முனகல் உண்டா பாருங்க!"

புருஷன் நிலைகொள்ளாமல் நடந்தான். "இது சரியில்ல அக்கா. எனக்கு பத்து வீட்ல இருந்து போன் வரும். எவன் விடாம போன் போட்டு உயிரை எடுக்கிறானோ அவன் வீட்டுக்குத்தான் முதல்ல ஓடுவேன். 'முடிஞ்சப்ப வாங்க'ன்னு சொன்னவன் வீட்ல தண்ணி கூரை வரைக்கும் நிக்கும்."

"சும்மா இருடா, அவளைக் கலைக்காதே."

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையை வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். பதில் உதை வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பாத்திரம் போல அங்கே எல்லாம் அடங்கிக்கொண்டு வந்தது. பயம் எழுந்தது. பழகியபடி அதை மூச்சோடு வெளியே விட்டாள். மறுபடி எழுந்தது, மறுபடி விட்டாள். இப்படி எத்தனை அலை போனதோ, அந்தக் கணக்கைப் பிறகு அவள் எண்ணிப் பார்க்கத் துணிந்ததே இல்லை.

கத்தினால் பிள்ளை போய்விடும் என்று ஒரு பக்கம். கத்தாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு பக்கம். இரண்டில் ஒன்றைத் தவிர வேறு வழி இல்லை. எது உண்மை என்று சொல்லவும் ஆள் இல்லை.

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

"என் பிள்ளை அசையல! யாராவது வாங்க! அசையல!"

நடைவழிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. நாத்தனாரின் கையிலிருந்து பை விழுந்தது. திரைக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தவள்கூட வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து அங்கேயே வயிற்றில் கருவியை வைத்தாள். அதில் கேட்ட துடிப்பு, சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயின் வேகத்தில் இருந்தது. புருஷனுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தள்ளுவண்டி வரும்வரை அவள் நிறுத்தவில்லை. ஆபரேஷனுக்கான மயக்க மருந்து ஏறும்வரை நிறுத்தவில்லை.

பையன். உயிர் இருந்தது. அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தான். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை. மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்பது அவன் கழுத்து நிற்கும்போது, உட்காரும்போது, போகப்போகத்தான் தெரியும் என்றார்.

அந்த நர்ஸ் மறுநாள் கட்டிலருகே வந்து நின்றாள். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் சிஸ்டர்."

நர்ஸ் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். வேறென்ன செய்வாள்?

படுத்தபடி அவள் யோசித்தாள். இந்த முறை ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியிருக்கிறாள், பிள்ளை இருக்கிறான். அப்படியானால் முதல் பிள்ளையைக் கொன்றது அவள் குரல் இல்லை. இதில் ஆறுதல் வரும் என்று யாரும் எண்ணுவார்கள். வரவில்லை. இத்தனை நாள் குற்றம் தன்னுடையது என்பதால் அந்தச் சாவுக்கு ஒரு காரணமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பிள்ளை சும்மா போயிருக்கிறது. குற்றத்தைச் சுமக்க அவள் பழகியிருந்தாள். சுமக்க ஒன்றும் இல்லாத இந்தக் கனத்துக்கு எந்த மாடியிலும் வகுப்பு நடப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் புருஷன் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பெட்டியருகே போனான். அவள் தொண்டை கட்டி, பேச்சு வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையனின் முகம் சுருங்கியது. வாய் கோணியது. பூனைக்குட்டியின் குரலில், மெலிசாக, கோபமாக, அவன் அழுதான்.

அங்கிருந்த சின்ன நர்ஸ் பெட்டிக்குள் கைவிட்டு மார்பைத் தட்டினாள். "ஷ்ஷ்... ஒண்ணுமில்லடா தங்கம், ஷ்ஷ்..."

"தட்டாதீங்க." குரல் எழும்பவில்லை. அவள் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அறைந்தாள். நர்ஸ் திரும்பினாள். "எதுக்குக் கத்துறான்னு முதல்ல பாருங்க."

நர்ஸ் குனிந்தாள். குழாயை ஒட்டிய பிளாஸ்திரி நகர்ந்து, கன்னத்துத் தோலை இழுத்துச் சிவக்க வைத்திருந்தது. அவள் அதை ஈரப் பஞ்சால் நனைத்து மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினாள்.