இடது ஓரத்தில் வந்த கை

என் வீட்டுக்காரர் இருபத்துநான்கு வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டினார். ஒரு கோழிக்குஞ்சைக்கூட உரசியது கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘நிதானம்’ என்றே பெயர். எனக்கோ அந்த நிதானத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். புதுத் துணி உடுத்தி எதிரில் போய் நின்றால், “சாப்பாடு ஆச்சா?” என்று கேட்கிற ஜென்மம். இந்த மனுஷன் என்னை ஒருநாளாவது நின்று பார்த்ததுண்டா என்பதுதான் எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

எங்களுக்கு ஒரே மகள். காலேஜில் சினிமா படிக்கிறாள். போன பருவத்தில் ஒரு திரில்லர் படத்தின் ஆரம்பத்தை மட்டும் எடுக்கச் சொன்னார்களாம். இரண்டே நிமிஷம், அதற்குமேல் கதை கிடையாது.

“வாசனைய காட்டிட்டு சோத்த ஒளிச்சு வைக்கிற மாதிரி இருக்கே!” என்றேன்.

“அம்மா, நீ நடிச்சா போதும், பேசாத” என்றாள்.

நடிக்க ஆள் கிடைக்காமல்தான் என்னைப் பிடித்தாள். எங்கள் படுக்கையறையில், திரைக்கு நடுவே, நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். திரையின் இடது ஓரத்தில் கதவு மெல்லத் திறக்கும். கறுப்பு உறை போட்ட கை ஒன்று உள்ளே வரும். நான் கவனிக்காமல் துணியை மடிப்பேன். அவ்வளவுதான் என் நடிப்பு.

அதை நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டிக் கருத்து வாங்க வேண்டும். அவர்களுடைய வாத்தியார் அதற்குச் சட்டமே வைத்திருந்தார். படம் எடுத்தவர் வாயைத் திறந்து எதையும் விளக்கக் கூடாது. முடிந்ததும் கேள்வித்தாள் கொடுக்க வேண்டும். அது போதாதென்று, திரைக்குக் கீழே ஒரு கேமராவை வைத்துப் பார்க்கிறவர்களின் முகங்களையும் படம்பிடிக்க வேண்டும். தாளில் முகதாட்சண்யத்துக்காக நல்லதாக எழுதிவிடுவார்களாம், முகத்தை அப்படி ஏமாற்ற முடியாதாம்.

மரியாதைக்காக எங்கள் இருவரையும் காலேஜ் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தாள். திரை மூக்கில் இடிக்கிற தூரம். கை வந்ததும் கூடமே அலறியது. பின்னால் இருந்த ஒரு பெண் என் நாற்காலியை உதைத்தே விட்டாள். வரப்போகிறது என்று தெரிந்த நானே தூக்கிவாரிப் போட்டுக் குதித்தேன்.

அன்று சாயங்காலம் மகள் அந்த முகங்களை லேப்டாப்பில் ஓடவிட்டாள். எல்லார் முகமும் ஒரே நேரத்தில் ஒரு பக்கமாகத் திரும்பியது. ஒரு முகம் மட்டும் திரும்பவில்லை. இவர் திரையின் நடுவையே பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, இங்க பாரேன்! அப்பா கை வந்ததையே பாக்கல. உன்னையேதான் பாத்துட்டிருக்காரு.”

“போடி, வேலையப் பாரு” என்றேன். ஆனால் முகம் சூடாகிவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். கேட்காமலேயே அவர் தட்டில் ஒரு கரண்டி கூடப் போட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் கேள்வித்தாள்களைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தாள். இவருடைய தாள் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ‘எந்த இடத்தில் பயந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘பயப்பட ஒன்றும் இல்லை’ என்று உருண்டை எழுத்தில் எழுதியிருந்தார். ‘அறைக்குள் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?’ அதற்குக் கீழே, ‘யாரும் வரவில்லை.’

“அத்தன பேரு கத்துனாங்களேம்மா. அதுக்கப்புறமுமா பாக்கல?” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தோம். மகள் எதிரில் நின்றாள். “அப்பா, என் மூக்க மட்டும் பாருங்க. பக்கத்துல அம்மா கை தெரிஞ்சதும் சொல்லுங்க.” நான் அவர் காதருகே கையை நீட்டினேன். மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டியது. அவர் பேசவில்லை. கிட்டத்தட்ட மகளின் முகத்தை மறைக்கிற இடத்துக்கு வந்தபிறகுதான், “இப்ப தெரியுது” என்றார். அடுத்த பக்கமும் அதே கதிதான்.

ஒரு வருஷமாக அவர் தோளில் கன்றிப்போன அடையாளங்கள். நிலைப்படியில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம், “கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?” என்று கத்தியவள் நான்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு. தலைய திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டிக்கிறேன். இவ படிப்பு முடியட்டும், விட்டுடறேன்.”

“முப்பத்தெட்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டா?”

“இத்தன வருஷத்துல வண்டில ஒரு கீறல் உண்டா, சொல்லு.”

உண்மையைத்தானே சொன்னார். நாளைக் காலை ஆறரைக்கு இவர் மறுபடி வண்டியை எடுப்பார், எப்படித் தடுப்பேன் என்றுதான் யோசித்தேன்.

மகள் லேப்டாப்பை அவர் முகத்துக்கு நேரே வைத்து, முகங்களின் படத்தைப் போட்டாள். நேரே இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். எல்லாரும் திரும்பினார்கள், இவர் சிரித்தபடி இருந்தார்.

“திரும்பப் போடு” என்றார். போட்டாள். “இன்னொரு தடவ.”

மூன்றாவது முறை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “கத்துன சத்தம் எனக்கும் கேட்டுச்சு பாப்பா. சின்னப் பசங்க, விளையாட்டுக்குக் கத்துறாங்கன்னு நெனச்சேன்.” கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். “ஒரு புள்ள குறுக்க ஓடி வந்தாலும், நான் இப்படித்தான் சிரிச்சிட்டு இருப்பேன், இல்ல?”

அவரே போனை எடுத்து, நாளையிலிருந்து வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும்படி பள்ளி மேனேஜருக்குச் சொன்னார். மேனேஜர் காரணம் கேட்டிருப்பார்போல. “கண்ணு போயிடுச்சு சார்” என்றார். எங்களிடம்கூட அந்த வார்த்தையை அதுவரை அவர் சொல்லியிருக்கவில்லை.

கண் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். முன்னாடியே வந்திருக்கலாமே என்றார். வந்திருக்கலாம்தான்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினோம். எதிரெதிராகப் போட்டிருந்த சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவருடைய வலது காலும் தரையை அழுத்தியது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எதிர் சீட்டு காலியாத்தான இருக்கு? அங்க போய் உக்காரேன். பக்கத்துல இருந்தா, நீ இல்லாத மாதிரியே இருக்கு.”

எழுந்துபோய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பார்வை நேரே என் முகத்தில் இருந்தது. வீடு வந்து சேரும்வரை, அழுவதற்குக்கூட எனக்கு ஒரு மறைவு இல்லை.