புழு கிடைக்காத ப்ராஜெக்ட்

போன வாரம் எங்கள் கல்லூரியில் விலங்கியல் ப்ராஜெக்ட்டுக்கு வைவா. என் மாணவி நஸ்ரீன் தேறுவாளா என்று அவளைவிட எனக்குத்தான் உதறல். கைடு ஆயிற்றே!

யோசனையும் என்னுடையதுதான். சிக்குன்குனியா வந்து ஊரில் பாதிப்பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நாம் லேபில் உட்கார்ந்து தவளையை அறுத்துக்கொண்டிருந்தால்... நியாயமா? "விளாங்குடியில ஒரு தெருவை எடுத்துக்கம்மா. வீடுகள்ல பிடிச்சு வச்ச தண்ணியில வாராவாரம் கொசுப்புழுவை எண்ணு. ஜனங்களுக்கும் எடுத்துச் சொல்லு" என்றேன்.

"சேவையை என்.எஸ்.எஸ். கேம்ப்ல வச்சுக்க மாப்ள. ப்ராஜெக்ட்டை லேப்ல வச்சுக்க" என்றார் பக்கத்து மேஜைப் பேராசிரியர். கேட்டேனா?

முதல் வாரம் டிரம்முக்கு டிரம் புழு. ஆனால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? "எங்க வீட்டுத் தண்ணியிலயா? கண்ணாடி கணக்கா இருக்கு, வந்து பாரு!" என்று பரமேஸ்வரி என்கிற அக்கா சண்டைக்கே வந்துவிட்டாராம். இந்தக் கொசு முட்டையிடுவதே நல்ல தண்ணீரில்தான் — இதை எப்படிப் புரியவைப்பது?

நஸ்ரீன் விடவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களை, அவரவர் வீட்டு டிரம்மில் எடுத்த தண்ணீரை ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வைத்தாள். அந்த அக்காவும் கண்ணை வைத்தார். "ஆத்தி! என்னா நெளி நெளியுது! இதையா பிள்ளைகளுக்குக் குடுத்தோம்?"

அவ்வளவுதான். அன்றைக்கே தெரு முழுக்க டிரம்களைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, வாயில் வேட்டித்துணியைக் கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் புழு இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

நஸ்ரீன் அழுதுகொண்டே வந்தாள். "எண்ணுறதுக்கு ஒரு புழுகூட இல்ல சார். டேபிள் பூரா ஜீரோ. நான் ஃபெயிலா சார்?" ஊருக்கு நல்லது நடந்ததற்காக ஒரு பெண் அழுது அன்றுதான் பார்த்தேன்.

வைவாவுக்குத் திருமங்கலத்திலிருந்து வந்த எக்ஸாமினர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். முகம் சுளித்தார். "என்னம்மா, மொத வாரத்துக்கு அப்புறம் எல்லாமே ஜீரோ? புழுவே இல்லாம இது என்ன ப்ராஜெக்ட்?"

நஸ்ரீன் நிமிர்ந்தாள்.

"மொத வாரம் இருந்துச்சு சார். நாங்க போய்க் காமிச்சோம். இப்ப இல்ல. அதுதான் சார் ரிசல்ட்."

நான் எழுந்து கைதட்டாத குறை! படிப்பு வேறு, சேவை வேறு என்று எத்தனை மீட்டிங்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம்? பிள்ளை ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

எக்ஸாமினர் மார்க் போட்டார். வகுப்பிலேயே அதுதான் அதிகம். பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார் — "எங்க தெருவுக்கு எப்பம்மா வாரீங்க?"