நட்டை மறந்த நெவில்

நெவில் ஹோல்ராய்டுக்குக் கார் என்றால் கடையில் வாங்குகிற பொருள் இல்லை. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு ஊரில் காலமெல்லாம் தபால் கொடுத்தவன், மற்ற நேரமெல்லாம் வீட்டுக் கராஜிலேயே கிடந்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தான். உடம்புக்கு இரும்புக் குழாய், பிரேக்குக்குச் செம்புக் குழாய், எல்லாவற்றையும் அவனேதான் வளைப்பான். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு வளைவும் அத்தனை அழகு.

ஆனால் பாருங்கள், பிரேக் குழாயின் முனையைப் புனல்போல விரித்துத்தான் இணைக்க வேண்டும்; விரிக்கும் முன்பே, அதை முடுக்குகிற நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு நுழையாது. வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து வளைக்க வேண்டியதுதான். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற சங்கதி. நெவிலுக்கு மட்டும் மறந்துபோகும். மறந்ததும் தெருவே அதிரக் கத்துவான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக் கிளிஃபர்ட் கேட்பான்: "நட்டா, நெவில்?"

"உன் வேலையப் பாருய்யா!"

போன இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்தான், நடந்தான், பேசினான். ஆனால் மனைவி ஐலீனுக்கோ, ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாரையோ கூட்டிவந்த மாதிரி இருந்தது. டீ கொடுத்தால், "ரொம்ப நன்றி, ஐலீன்." உப்பை நகர்த்தினால், "உனக்குத்தான் சிரமம்." சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலே வீட்டை ரெண்டாக்கிய மனுஷன் இவன்! கராஜ் பூட்டியே கிடந்தது. தன்னுடைய நெவில் இனிமேல் வரவே மாட்டானோ என்று பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுவாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவளே கராஜைத் திறந்தாள்.

"பின் சக்கரத்துக்குப் போற கடைசிக் குழாய் பாக்கி கெடக்கு. நீ வளைக்கிறியா, கிளிஃபர்டக் கூப்பிடவா?"

"அவருக்கு எதுக்குச் சிரமம்? நானே பாக்கறேன். நன்றி."

கிளிஃபர்டுக்கு மரியாதை வேறு!

இடது கையில் இன்னும் பழைய பிடி வரவில்லை. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்ல வளைத்தான். கடைசி வளைவும் பழையபடியே அழகாக வந்தது. முனையை விரிக்கக் கருவியை மாட்டினான். அப்போதுதான் ஐலீன் பார்த்தாள். மேஜைமேல் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் நட்டு இரண்டும் அப்படியே கிடந்தன.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அரை நாள் பாடு வீணாகும். மனசொடிந்து, "மன்னிச்சுக்கோ, ஐலீன்" என்று உட்கார்ந்துவிட்டால்? கடவுளே, அதை மட்டும் அவளால் தாங்க முடியாது. ஆனாலும் பேசவில்லை.

இரண்டு முனையையும் விரித்து முடித்தான். குழாயைத் தூக்கிப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான்.

"அடச் சனியன் புடிச்ச நட்டே! நாசமாப் போச்சு!"

குழாய் பறந்துபோய்ச் சுவரில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரம் நின்றது.

"நட்டா, நெவில்?" கிளிஃபர்ட் வேலிக்கே ஓடி வந்துவிட்டான்.

"உன் வேலையப் பாருய்யா!"

ஐலீன் டயர்மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்ன இளிப்பு? பாத்துக்கிட்டுத்தானே இருந்த? சொல்றதுக்கென்ன?"

"ரொம்ப நன்றி, நெவில்."

"நன்றியாம் நன்றி! போய் டீயப் போடு."

அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுக் கடவுளுக்கும் ஒரு நன்றி சொன்னாள். பிறகு, வேண்டுமென்றே சர்க்கரையைக் குறைத்துப் போட்டாள்.